ராசா தந்த பேனைக்கு வயது பார்த்த கதை

கிரவீன், சிட்னி.
1979 ஒக்ரோபர் 14.

பெருமதிப்புக்குரிய அத்தான் வாசுதேவன் அவர்களுக்கு,

உங்கள் தங்கை இராஜேஸ்வரியும் உங்கள் மருமகளான எங்கள் மகள் ரஞ்சினியும் நானும் உடம்பளவில் சுகமாக இருக்கிறோம். உடம்பு தவிர்ந்த மற்றவற்றைப் பற்றித்தான் இந்தக் கடிதம். வெள்ளவத்தையில் இரத்தத்துச் சீனி ஏறாமல் உங்கள் சலரோகம் அடங்கியிருக்கவும், மச்சாளின் முழங்கால் சொன்னபடி மடங்கவும், வீட்டுக்காரன் நல்ல புத்தியோடு இருக்கவும் நல்லூர்க் கந்தனை வேண்டிக்கொள்கிறோம். இதைக் கதிரையில் இருந்தபடி வாசியுங்கள். குமிழ்முனைப் பேனையால் எழுதுவதற்குக் கோபிக்க வேண்டாம். இந்த வீட்டில் இப்போது வேறு பேனையைக் கையில் எடுக்க எனக்கு அனுமதி இல்லை. அது ஏன் என்பது போகப்போகத் தெரியும்.

ரஞ்சினி வெஸ்ட்மீட்டில் புதிதாகத் திறந்த ஆஸ்பத்திரியில் பிசியோதெரபி வேலை பார்ப்பது உங்களுக்குத் தெரியும். அங்கே மகாதேவன் என்று ஒரு டொக்டர். இந்தியப் பிள்ளை, திருச்சிப் பக்கம். இரண்டு பேரும் கன்டீனில் பேசிப் பழகி, எல்லாவற்றையும் தாங்களே முடிவெடுத்த பிறகு எங்களிடம் வந்து, நீங்களாகப் பார்த்துச் செய்துவைப்பது போலச் செய்துவையுங்கள் என்று கேட்டார்கள். நாங்களும் தேடிக் கண்டுபிடித்த ஆட்களைப் போல முகத்தை வைத்துக்கொண்டு பெடியனைப் பார்க்கப் போனோம். பெடியன் தங்கம். எங்கள் குழம்பின் உறைப்பைக் கண்ணீரோடு சாப்பிட்டுவிட்டு இன்னும் கொஞ்சம் கேட்டவன். இந்தக் கடிதத்தின் நீளத்துக்குக் காரணம் அவனுடைய தகப்பன் கல்யாணசுந்தரம்.

கல்யாணசுந்தரம் ரயில்வேயில் பொறியியலாளர். வீடு பென்டில் ஹில்லில், எங்கள் வீட்டிலிருந்து நடந்து போகிற தூரம். அந்தத் தூரம் போதாது என்று இப்போது தெரிகிறது. அவர் பழைய பேனை சேர்க்கிறவர். சனிக்கிழமைகளில் தேவாலயங்களின் பழஞ்சாமான் விற்பனைக்கும், செத்துப்போன வெள்ளைக்காரரின் வீட்டு ஏலத்துக்கும் போய், கிழவிகளின் தையல் பெட்டிக்குள் கிடக்கும் பேனைகளைக் கிண்டி எடுத்து வருவார். பேனை தனியே இருந்தால் அவருக்கு நித்திரை வராது. அதோடு பிறந்த திருகு பென்சிலும் வேண்டும். நிறம் ஒத்திருந்தால் போதாது, கம்பனி ஒன்றாக இருந்தாலும் போதாது. ஒரே வருடத்தில், முடிந்தால் அந்த வருடத்தின் ஒரே காலாண்டில் செய்யப்பட்டிருந்தால்தான் அதைச் சோடி என்று ஒப்புக்கொள்வார். பிள்ளைகளின் சாதகத்தைக் கொண்டுவரட்டோ என்று நான் கேட்டபோது, தான் சயன்ஸ் படித்தவன், பொருத்தம் பார்ப்பதில் எல்லாம் நம்பிக்கை இல்லை என்று சொன்னதும் இதே மனிதர்தான்.

அவர்கள் எங்கள் வீட்டுக்கு வந்த முதல் நாள் தேநீரோடு எல்லாம் நல்லபடியாக முடிந்திருக்கும். ஆனால் அவர் தன் பாட்டனாரைப் பற்றிப் பேசத் தொடங்கினார். பாட்டனார் ஏதோ ஒரு சமஸ்தானத்தில் பெரிய உத்தியோகமாம். மகாராசா அவரைக் கேட்காமல் குளிக்கவும் போகமாட்டாராம். அந்த மகாராசா தன் கையால் கொடுத்த தங்கப் பேனையும் பென்சிலும் ஒரு காவேரி வெள்ளத்தில் போய்விட்டனவாம். ஆற்றோடு போன பேனைக்கு யாரும் வயது பார்க்க முடியாது, அதனால் அது என்றைக்கும் உண்மையான பேனைதான். இது எனக்கு இப்போது விளங்குகிறது, அன்று விளங்கவில்லை. உங்கள் தங்கைக்கு மகாராசா என்ற சொல் காதில் விழுந்ததும் முதுகு நிமிர்ந்துவிட்டது. இங்கிலாந்து ராசாவுக்கு முன் சமஸ்தானத்து ராசா என்ன ராசா? ஆயிரத்துத் தொளாயிரத்து முப்பத்தைந்தில், ஐந்தாம் ஜோர்ஜ் மன்னரின் வெள்ளி விழாவுக்கு, யாழ்ப்பாணக் கச்சேரியில் அரசாங்கக் கடிதங்களை எழுதும் தலைமை லிகிதராக இருந்த தன் தகப்பனுக்கு, அதாவது என் மாமாவுக்கு, மன்னர் லண்டனிலிருந்து அனுப்பிய பேனையும் பென்சிலும் எங்கள் குடும்பத்தில் இருக்கின்றன, பேனை தன்னிடம், பென்சில் தன் தமையனிடம் என்று ஒரே மூச்சில் சொன்னாள். அதோடு விட்டிருக்கலாம். கல்யாணத்தன்று இரண்டையும் ஒரே பெட்டியில் வைத்து மாப்பிள்ளைக்குக் கொடுக்கப்போகிறோம் என்றும் சொன்னாள். எனக்கு அது செய்தி. உங்களுக்கும் செய்தியாக இருக்கும்.

கல்யாணசுந்தரத்தின் கண் அப்போது பட்ட பாட்டை நீங்கள் பார்த்திருக்க வேண்டும். மருமகளைக்கூட அவர் அப்படிப் பார்க்கவில்லை. அடுத்த ஞாயிற்றுக்கிழமை பூதக்கண்ணாடி, பஞ்சு, ஒரு சின்ன டோர்ச் லைற், மஞ்சள் துணி எல்லாவற்றோடும் வந்து இறங்கினார். இராஜேஸ்வரி பேனையைப் பட்டுத் துணிக்குள் இருந்து எடுத்து, தாம்பாளத்தில் வைத்து, பூவும் வைத்துக் கொண்டுவந்தாள். பொன்னிற வளையம் வளையமாகக் கோடு ஓடும் அந்தப் பேனை உங்களுக்கு ஞாபகம் இருக்கும். அவர் அதை மூக்குக்கு நேரே பிடித்துத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். உடம்பில் கம்பனியின் பெயருக்குப் பக்கத்தில் கடுகுபோல ஓர் இலக்கம் இருக்கிறதாம். அது செய்த வருடத்தின் கடைசி இலக்கமாம். அதைக் கண்டுபிடித்து, ஐந்து என்றார். முப்பத்தைந்தின் ஐந்து. இராஜேஸ்வரி என்னைத் திரும்பிப் பார்த்த பார்வையில் எங்கள் கல்யாண வாழ்க்கையின் பழைய வழக்குகள் எல்லாம் அவள் பக்கம் தீர்ப்பாகிவிட்டன. குசினிக்குள் போய்ப் பாயசத்தை அடுப்பில் ஏற்றினாள்.

பாயசம் கொதிக்கும் முன் அவர் மூடியைப் பார்த்துவிட்டார். கிளிப்பில் ஒரு சின்ன நீல வைரம் பதித்திருக்கிறது அல்லவா, நாங்கள் இவ்வளவு காலமும் அழகு என்று நினைத்திருந்தோமே, அதுதான் எங்கள் குடியைக் கெடுத்தது. அவர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்து, மறுபடி போட்டு, மிகவும் அன்பாக, ஆஸ்பத்திரியில் மோசமான செய்தி சொல்லும் குரலில் சொன்னார்.

“இந்த நீல வைரம் முப்பத்தொம்பதுலதாங்க வந்தது. அதுக்கு முன்னாடி எந்தப் பேனாவுலயும் கிடையாது. அப்படின்னா இந்த அஞ்சு முப்பத்தஞ்சு இல்லைங்க, நாப்பத்தஞ்சு. நாப்பத்தஞ்சுல ஜார்ஜ் ராஜா செத்து ஒம்பது வருஷம் ஆச்சு.”

இராஜேஸ்வரி அகப்பையோடு வந்து நின்றாள்.

“ராசா செத்தா என்ன, ராசான்ரை பேரிலை பரிசு அனுப்பிற கந்தோரும் செத்துப் போச்சோ? உங்கடை இந்தியாவிலை பென்சன் எத்தினை வருசம் பிந்தி வாறது?” என்றாள்.

இது கெட்டிக்காரத்தனமான கேள்விதான், அத்தான். அவரும் ஒரு நிமிடம் யோசித்தார். ஆனால் சயன்ஸ் படித்தவர் அல்லவா, பென்சிலையும் பார்த்தால்தான் முடிவு சொல்லலாம் என்றார். அப்படித்தான் நான் உங்களுக்கு அந்த அவசர எயார்மெயில் போட்டேன். வெள்ளவத்தை வீட்டில் கண்ணாடி அலுமாரிக்குள் ராசாவின் படத்துக்குக் கீழே நீங்கள் வைத்திருக்கும் பென்சிலை எடுத்து, அதில் என்ன இலக்கம் இருக்கிறது என்று மட்டும் பார்த்து எழுதுங்கள் என்று கேட்டேன். மட்டும் என்ற சொல்லுக்குக் கீழே கோடும் போட்டிருந்தேன். நீங்கள் மூன்று பக்கம் எழுதினீர்கள். இலக்கம் ஏழு என்று எழுதியதோடு, ஏழு எங்கள் குடும்பத்துக்கு ராசியான எண் என்றும், வீட்டில் யாரோ அதைப் பிளேட்டால் சீவிப் பார்த்ததில் நுனி கொஞ்சம் நசுங்கியிருக்கிறது என்றும் எழுதினீர்கள். அதற்கும் மேலே போய், பேனை ஐந்தாகவும் பென்சில் ஏழாகவும் இருப்பதில் அதிசயம் ஒன்றும் இல்லை, பேனை முப்பத்தைந்தில் வெள்ளி விழாவுக்கு வந்தது, பென்சில் முப்பத்தேழில் ஆறாம் ஜோர்ஜ் முடிசூட்டுக்கு வந்தது என்று விளக்கமும் எழுதினீர்கள். அதாவது ஒரு ராசா பேனையைக் கொடுத்துவிட்டுக் கண்ணை மூடினார், பிறகு சிங்காசனத்தில் ஏறியவர் முதல் வேலையாக, யாழ்ப்பாணக் கச்சேரியில் தலைமை லிகிதருக்குப் பென்சில் இல்லாமல் இருக்குமே என்று கவலைப்பட்டார். வழக்குப் பேசும் பிரக்கிராசியாக இவ்வளவு காலம் கோட்டில் நின்றவர் நீங்கள். உங்கள் கட்சிக்காரர்கள் ஏன் மறியலுக்குள் போய்க் கம்பி எண்ணினார்கள் என்று எனக்கு அன்றைக்குத்தான் விளங்கியது.

நான் அந்தக் கடிதத்தை ஒளித்துத்தான் வைத்தேன். இராஜேஸ்வரி எடுத்துக்கொண்டு போய் அவருக்கே வாசித்துக் காட்டிவிட்டாள். அவர் முழுவதையும் பொறுமையாகக் கேட்டுவிட்டு, பேனாவும் பென்சிலும் ஒரு தாய் வயிற்றுப் பிள்ளைகள் அல்ல, இது ஜோடியே இல்லை என்றார். சிரித்தார் என்பதை நான் எழுதக் கூடாது என்று உங்கள் தங்கை சொல்கிறாள். சிரித்தார்.

இதோடு நின்றிருந்தால் அது இரண்டு வீட்டு விசயம். இங்குள்ள தமிழ்ச் சங்கத்துச் சரஸ்வதி பூசை வந்தது. இங்கே கோயில் இல்லை. சாரணர் மண்டபத்தில், கூடாரக் கயிறுகளுக்கு நடுவில் சரஸ்வதி படத்தை வைத்துத்தான் பூசை. வழக்கம்போல எல்லாரும் பிள்ளைகளின் புத்தகங்களையும் தங்கள் குடும்பப் பேனைகளையும் படத்துக்கு முன்னால் வைத்திருந்தார்கள். கல்யாணசுந்தரம் கும்பிட்டார். பிறகு சட்டைப்பைக்குள் கையை விட்டுப் பூதக்கண்ணாடியை எடுத்தார். யாரும் கேட்கவில்லை, அத்தான். கணக்காளர் ஒருவர் தன் தகப்பன் கேம்பிரிச்சில் படிக்கும்போது வாங்கியது என்று வைத்திருந்த பேனை, தகப்பன் படிப்பை முடித்துவிட்டு ஊருக்குத் திரும்பிய பிறகு செய்யப்பட்டது என்றார். அப்படியென்றால் தகப்பன் கேம்பிரிச்சுக்குப் போனாரா என்று பின்வரிசையில் யாரோ கேட்க, கணக்காளர் சுண்டலைக் கீழே வைத்துவிட்டு எழுந்தார். ஒரு பல் வைத்தியரின் மனைவி, பாட்டன் தனக்குப் பிறந்தநாளுக்குத் தந்தது என்று வைத்த சோடியைப் பார்த்து, கல்யாணசுந்தரம், இது அறுபத்திரண்டில் செய்தது, உங்கள் தாத்தா எப்போது காலமானார் என்று மரியாதையாக விசாரித்தார். தாத்தா ஐம்பத்தெட்டில் காலமானவர். அந்த அம்மா மண்டபத்திலேயே அழுதார். பூசை முடியும் முன்னரே ஆட்கள் ஒவ்வொருவராகப் போய், சரஸ்வதியைக் கும்பிடுகிற சாட்டில் தங்கள் பேனையை எடுத்துச் சட்டைக்குள் மறைத்துக்கொண்டார்கள். தீபம் காட்டும்போது அம்மனுக்கு முன்னால் பாடப் புத்தகமும் ஒரு கணக்குப் பொறியும்தான் மிஞ்சின. இப்போது சங்கத்தில் ஒருவர் சட்டைப்பையிலும் பேனை இல்லை. வருகைப் பதிவில் கையெழுத்து வைக்கப் பொதுவாக ஒரு குமிழ்முனைப் பேனையை மேசையில் கட்டிவிட்டிருக்கிறார்கள்.

ஊர் முழுவதும் கல்யாணசுந்தரத்தின் மேல் கோபம். ஆனால் கோபத்தை எங்கள் மேல்தான் காட்டினார்கள், ஏனென்றால் அவரைக் கிளப்பிவிட்டது ராசாவின் பேனை. பூசைக்கு மறுநாள் அவரே எங்கள் வீட்டுக்கு வந்தார், கதிரையின் நுனியில் இருந்தார், தேநீர் வேண்டாம் என்றார். தேநீர் வேண்டாம் என்கிற சம்பந்தியைப் போலப் பயங்கரமான காட்சி வேறில்லை.

“பேனா பெரிய விஷயம் இல்லைங்க. ஒரு குடும்பம் சொல்ற பேச்சு நிக்கணும். அதுதான் எனக்கு முக்கியம். கொஞ்ச நாள் தள்ளிப் போடலாம்” என்றார்.

நான் அவரிடம் காவேரியைப் பற்றிக் கேட்டிருக்க வேண்டும். கேட்கவில்லை. பெண்ணைப் பெற்றவனுக்கு நாக்கு அப்படித்தான். சரி என்று சொல்லி வாசல் கேற் வரைக்கும் கொண்டுபோய் விட்டேன். அவர் போன பிறகு ரஞ்சினி அறைக்குள்ளிருந்து வந்து, மேசையில் கிடந்த அந்தப் பேனையை எடுத்துப் பார்த்தாள். “அப்பா, இது எழுதுமா?” என்று கேட்டாள். மாமாவின் காலத்திலிருந்து பட்டுத் துணிக்குள் இருக்கிறது. எனக்குத் தெரிய ஒருவரும் அதற்கு மை விட்டதில்லை. அவள் அதைத் திருப்பி வைத்துவிட்டு வேலைக்குப் போய்விட்டாள். அன்று தொடக்கம் எங்களோடு இங்கிலிஷில் மட்டும் பேசுகிறாள், அதுவும் பிழை விடாமல், ஆஸ்பத்திரியில் நோயாளியின் சொந்தக்காரரோடு பேசுவது போல. கோபித்துச் சத்தம் போட்டாலும் தாங்குவேன். இந்த மரியாதையைத் தாங்க முடியவில்லை.

இராஜேஸ்வரியோ என்னைத்தான் குற்றம் சொல்கிறாள். பெடியனின் தகப்பன் தரம் தெரியாதவராக இருந்தால் அவருக்கு எதிரே ஒரு புருசன் எழும்பி நின்று, பேனைக்கு என்ன வயது என்றாலும் என் மாமனாரின் பெயருக்கு அதைவிட வயது உண்டு என்று சொல்லியிருப்பானாம். நான் அவளிடம், மாமா நாற்பத்தைந்தில் கொழும்பில் ஏதோ கடையில் ஆசைப்பட்டு வாங்கியிருப்பார், மாமியின் ஏச்சுக்குப் பயந்து ராசாவின் தலையில் போட்டிருப்பார், அதில் என்ன வெட்கம், எனக்கு அந்த மனிதரை இப்போதுதான் இன்னும் பிடிக்கிறது என்று சொன்னேன். அன்று முதல் அந்தப் பேனை அலுமாரிக்குள், சாவி அவளிடம், நான் குமிழ்முனையில்.

ஆகவே அத்தான், நன்றாக யோசித்து ஒரு முடிவுக்கு வந்திருக்கிறேன். உண்மை என்று ஒன்று இருக்கிறது. பொய்யின் மேல் சம்பந்தம் செய்கிற ஆட்கள் நாங்கள் இல்லை, எங்கள் வாயைப் பார்த்துச் சிரிக்கிறவனின் வீட்டுக்குப் பெண் கொடுக்கிற ஆட்களும் இல்லை. பெடியன் நல்லவன்தான், ஆனால் தகப்பனைக் கழற்றிவிட்டு அவனை மட்டும் எடுக்க வழி இல்லை. இந்தச் சம்பந்தம் வேண்டாம் என்று நாளைக்கே சொல்லப்போகிறேன். சங்கத்திலிருந்தும் விலகுகிறேன். நீங்களும் தயவுசெய்து பென்சிலை அலுமாரியிலிருந்து எடுத்துவிடுங்கள், ராசாவின் படத்தையும் கழற்றுங்கள், வருகிறவர் போகிறவருக்கெல்லாம் முடிசூட்டு விழாக் கதை சொல்வதை நிறுத்துங்கள். நிமிர்ந்து நின்று, எங்கள் தகப்பன் ஒரு பேனையை விரும்பி வாங்கினார் என்று சொல்லுங்கள். அந்த மனிதருக்கு ராசாவின் சிபாரிசு தேவையில்லை.

மச்சாளுக்கு எங்கள் அன்பைச் சொல்லுங்கள். பெரியவரான நீங்கள் அங்கிருந்தே இரண்டு கையையும் தூக்கி ரஞ்சினியை ஆசீர்வதியுங்கள், பிள்ளைக்கு அது இப்போது தேவை. உங்களுக்கு நீண்ட ஆயுளும் குறைந்த சீனியும் கிடைக்க வேண்டுகிற,

உங்கள் மைத்துனன்,
சிவபாலன்.

பி.கு.: கடிதத்தை மூடி முத்திரையும் ஒட்டிவிட்டேன், தபாலில் போடத்தான் நாலு நாள் பிந்திவிட்டது. அதைக் கிழித்துத் திறந்துதான் இதை எழுதுகிறேன். மேலே எழுதியவற்றில் உங்கள் சலரோகத்தைப் பற்றியதைத் தவிர மற்றதெல்லாம் பிழை. எழுதிய அன்று மாலையே கல்யாணசுந்தரம் மனைவியோடு, பழத் தட்டோடு, வேட்டி கட்டிக்கொண்டு வந்தார். தேநீர் கேட்டு வாங்கிக் குடித்தார். பேனையை மறுபடி ஒருமுறை பார்க்கலாமா என்று கேட்டு, பூதக்கண்ணாடியைச் சரியாக வைக்கக்கூட இல்லை, பெரிய உண்மையொன்றைக் கண்டுபிடித்துவிட்டார். மூடி மட்டும்தான் பிந்தியதாம். பழைய மூடி தொலைந்து, யாரோ நாற்பத்தைந்தில் புது மூடி மாற்றியிருக்கிறார்களாம். உடம்பு அசல் முப்பத்தைந்தாம், ராசாவுடையதேதானாம். பென்சிலுக்கு என்ன சொல்கிறீர்கள் என்று கேட்டேன். “ஏன், ரெண்டு ராஜா குடுக்கக் கூடாதா? உங்க மச்சினர் எழுதினதுதாங்க சரி” என்றார். ராசாக்களின் விசயத்தில் சயன்ஸ் எல்லாவற்றையும் சொல்லிவிட முடியாது என்றும் சொன்னார்.

நடந்தது என்னவென்று ரஞ்சினி பிறகு சொன்னாள். தமிழிலேயே சொன்னாள். மகாதேவன் தகப்பனிடம் போய், அப்பா, ரஞ்சினி வீடு வேண்டாம் என்றால் என் வார்டில் ஒரு கிரேக்க நேர்ஸ் இருக்கிறாள், அவர்கள் வீட்டில் யாரிடமும் பேனாவே கிடையாது, உங்களுக்கு ஆராய்ச்சி செய்கிற வேலை இருக்காது என்று சொன்னானாம். அப்படி ஒரு நேர்ஸ் உண்டா பிள்ளை என்று கேட்டேன். சிரித்தாள். அவள் உங்கள் குடும்பத்துப் பிள்ளை என்பதில் எனக்கு இனிச் சந்தேகம் இல்லை.

கல்யாணம் தை மாதம். பென்சிலை நல்ல பஞ்சில் சுற்றிப் பதிவுத் தபாலில் அனுப்புங்கள். ராசாவின் படத்தைக் கழற்றியிருந்தால் உடனே மாட்டுங்கள். சம்பந்தி இப்போது போகிற இடமெல்லாம் இந்தக் கதையைத் தானே சொல்கிறார், எங்களைவிட நன்றாகச் சொல்கிறார். நேற்றுச் சொன்னபோது ராசா அதைத் தபாலில் அனுப்பவில்லை, ஆள் விட்டு அனுப்பினார். இன்று காலை இராஜேஸ்வரி தொலைபேசியில் யாருக்கோ சொன்னபோது ராசா நேரிலேயே யாழ்ப்பாணத்துக்கு வந்துவிட்டார். போகிற போக்கில், தை மாதத்துக்கு முன் அவர் மாமாவின் வீட்டில் இருந்து சாப்பிடாமல் போகமாட்டார். அன்றைக்கு என்ன கறி வைத்தது என்று இங்கே யாரும் கேட்டால் நாங்களும், அங்கே கேட்டால் நீங்களும் ஒன்றையே சொல்ல வேண்டும். நான் இறால் என்று சொல்கிறேன். உங்களுக்குச் சம்மதமா என்று உடனே எழுதுங்கள்.